மச்சான் உடைத்த கல்

பிப்ரவரி 6

குட்டிக்கு,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், எழுதினால் பாதிக் கோபம் பேனாவிலேயே இறங்கிவிடும் என்று சொன்னவள் நீ. அதனால் எழுதுகிறேன். பாதி இறங்கியதா என்று படித்துவிட்டுச் சொல்.

உன் அண்ணி பல வருடமாகக் கேட்ட சமையல் மேடை ஒருவழியாக மாறப்போகிறது. செயற்கைக் கல் வாங்கியிருக்கிறேன். கல்லைப் பொடித்து, பிசினில் குழைத்து, அழுத்திப் பலகையாக்கி விற்கிறார்களே, அதுதான். வெள்ளை, குறுக்கே சாம்பல் நிறக் கோடு. முழுப் பலகையாக வந்து பின் அறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. இனி அளவுக்கு வெட்ட வேண்டும்.

கடைக்காரரே ஆள் அனுப்பி வெட்டிப் பொருத்தித் தருவார். அந்த ஆள் வந்தான். அளவு நாடாவை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுவரே கோணல் சார்" என்றான். நான் பக்கத்தில் நின்று கட்டிய சுவர். "சுவர் நேராத்தான் இருக்கு, நீதான் கோணலா நிக்கிற" என்றேன். போய்விட்டான். கல்லை நானே வெட்டுவதாக முடிவு செய்துவிட்டேன். கட்டிங் மெஷின் ஒன்று இரவல் கிடைத்திருக்கிறது. இத்தனை வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு கோடு போட்டு அதன்மேல் வெட்டத் தெரியாதா?

உன் வீட்டுக்காரர் செய்வதும் இதே வேலைதான் என்பது எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்: அவர் வர வேண்டாம். உன் மகள் படிப்பு முடித்ததைக் கொண்டாட எல்லோரும் உன் வீட்டில் கூடியிருந்தபோது அவர் என்ன சொன்னார் என்பது நினைவிருக்கிறதா? "எங்க மச்சான் பெரிய வாத்தியார். உலகத்துல இருக்கிற எல்லாரையும் ஃபெயில் போட்டுட்டார். பாவம், இப்ப திருத்த பேப்பர் இல்லாம உக்காந்திருக்கார்." வேலையை நானாக விட்டேன். என்னைவிடக் குறைந்தவனைத் தலைமை ஆசிரியராக்கிய பள்ளியில் இருக்க மனம் இல்லாமல் விட்டேன். அது அவருக்குச் சிரிப்பு. வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நீயும்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் சிரிக்கவில்லை என்று ஆகிவிடாது.

அண்ணன்


பிப்ரவரி 14

அண்ணா,

பாதி இறங்கல. கால்வாசிகூட இறங்கல. இருந்தாலும் எழுதினியே, அதுவரைக்கும் சந்தோஷம்.

நான் சிரிச்சேன்தான். இல்லேன்னு சொல்லல. அன்னிக்கு நீ வந்ததுலேருந்து சாப்பாட்டுல உப்பு, வாசல்ல செருப்பு, என் பொண்ணு வாங்கின மார்க்குன்னு ஒண்ணு விடாம குத்தம் சொல்லிட்டே இருந்தே. அவர் ஒரு வார்த்தை சொன்னது மட்டும் உனக்குக் கல்வெட்டு. சரி விடு, அதைத் திரும்பக் கிளறினா நாம செத்தாலும் முடியாது.

உன் லெட்டரை இவருக்குப் படிச்சுக் காட்டினேன். முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம் "செயற்கைக் கல்லா?"ன்னு கேட்டு நிமிர்ந்து உக்காந்தார். "சிங்க்குக்கு ஓட்டை போடும்போது உள் மூலையைச் சதுரமா வெட்டிடப் போறார். மூலையில முதல்ல துளை போட்டு வளைவு விடணும். இல்லேன்னா அங்கேருந்துதான் விரிசல் விடும். மச்சான்கிட்ட எழுதிடு"ன்னார். எழுதிட்டேன். கேட்கிறதும் கேட்காததும் உன் இஷ்டம்.

இங்கே வேலை குவியுது. புது வீடு கட்டுற எல்லாருக்கும் இந்தக் கல்தான் வேணுமாம். பின்னாடி கொட்டகையிலேயே வெட்டிடறார். கடை வாடகை மிச்சம், எனக்குத்தான் வேலை ரெட்டிப்பு. வெள்ளை மாவு மாதிரி எல்லா இடத்துலயும் படியுது. துணி காயறதுக்குள்ள திரும்பத் துவைக்கணும். ஜன்னலைச் சாத்திட்டுத்தான் சமைக்கிறேன். தண்ணி விட்டு வெட்டுங்கன்னா, கொட்டகை சேறாகுது, கல்லுல போட்ட கோடு அழியுதுங்கிறார்.

இருமல்தான் விட மாட்டேங்குது அவருக்கு. குளிர் போனா சரியாயிடுமாம். ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. இப்பல்லாம் மாடி ஏறும்போது பாதிப் படியில நின்னு போனை எடுத்துப் பாக்கிறார். தினமும் அதே படி. யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க.

அண்ணியைக் கேட்டேன்னு சொல்லு.

குட்டி


பிப்ரவரி 27

குட்டிக்கு,

நீளவாக்கில் முதல் வெட்டு போட்டாயிற்று. கோடு பிசகவில்லை. இதை உன் வீட்டுக்காரரிடம் அவசியம் சொல். மூலையைப் பற்றி அவர் அனுப்பிய அறிவுரைக்கு நன்றி. நான் கேட்கவில்லை.

நான் எழுத உட்கார்ந்த விஷயம் வேறு.

வெளியே வைத்து வெட்டினால் சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அவருடன் எனக்கு ஏற்கெனவே தண்ணீர்த் தொட்டி விவகாரம் இருக்கிறது. அதனால் பின் அறையிலேயே கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு வெட்டினேன். முகத்தில் ஒரு துண்டு கட்டியிருந்தேன். முடித்து மெஷினை நிறுத்தியபோது எதிர்ச்சுவர் தெரியவில்லை. பெரிய தூசி கொஞ்ச நேரத்தில் தரையில் இறங்கிவிட்டது. மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தேன். உள்ளே விழுந்த வெயிலில் பார்த்தால், இன்னும் மிதந்துகொண்டிருந்தது. அறையில் யாரும் இல்லை, காற்றும் இல்லை, இராப்பொழுது முழுவதும் கடந்த பிறகும் அது இறங்கவில்லை. சாத்தியிருந்த அலமாரிக்குள் மடித்து வைத்த சட்டையை உதறினால் அதிலும் இருந்தது.

கல்லின் பின்பக்கம் ஒரு எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தது. பொடி எழுத்து. எல்லாவற்றையும் படித்துக் குற்றம் கண்டுபிடிக்கிறவன் என்று என்னைச் சொல்வீர்கள், ஆனால் இதை நான் வெட்டி முடித்த பிறகுதான் படித்தேன். இந்தக் கல்லில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. சாதாரணக் கருங்கல்லில் அதில் பாதிகூட இருக்காது. கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கு பிடித்துக்கொள்ளும். தெரியாத தூசி நேராக நுரையீரலுக்குப் போய்த் தங்கிவிடும், கரையாது. அது தங்கிய இடம் தழும்பாக இறுகிவிடும், பிறகு அங்கே காற்று போகாது. தாளை உரித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

நான் வெட்டியது ஒரு பகல். உன் வீட்டுக்காரர் வருடக்கணக்கில் வெட்டுகிறார், அதுவும் தண்ணீர் இல்லாமல். நீ எழுதிய அந்தப் படியை நான் மறுபடி மறுபடி படித்தேன்.

அவரை மார்புக்கு எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல். சொந்தமாக யோசிக்க வராவிட்டாலும் யாராவது சொல்வதையாவது கேட்கலாம். வாயை மூடிக்கொண்டு ஒரு வேலையும் செய்யத் தெரியாத மனிதர், கல் வெட்டும்போதாவது மூடியிருக்கலாம்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

கடைசி ரெண்டு வரியை எழுதாம உன் பேனா நிக்காதா?

நீ அனுப்பின தாளை அவர் கையில கொடுத்தேன். லெட்டரை மறைச்சு வெச்சிருக்கணும், மேஜை மேல வெச்சது என் தப்பு. எடுத்துப் படிச்சிட்டார். முழுசும் படிச்சார். மடிச்சு என்கிட்ட கொடுத்துட்டு, "இந்தத் தாள் எல்லாக் கல்லு பின்னாடியும் இருக்கும். கிழிச்சுப் போட்டுட்டுத்தான் வேலையையே ஆரம்பிப்போம். உங்க அண்ணன் இன்னிக்குத்தான் பாத்தாராமா?"ன்னார்.

நான் விடல. படம் எடுத்துடுங்கன்னு கெஞ்சினேன். "எடுக்கலாம்னுதான் இருந்தேன். இப்ப எடுக்க மாட்டேன். அவர் சொல்லி நான் போய் நின்னேன்னு இருக்கக் கூடாது. கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மனுஷன் என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல, இப்ப மட்டும் என் நுரையீரல் மேல அக்கறையா?"ன்னு கேட்டார். என்ன பதில் சொல்வேன்? நீயே சொல்லு, நான் என்ன சொல்லியிருக்கணும்?

எனக்குப் பயமா இருக்கு அண்ணா. நீ சொன்னது சரியாத்தான் இருக்கும். உனக்குப் பாடம் தெரியும். ஆனா நீ எல்லாத்துக்கும் ஒரே குரல்லதான் பேசுவே. சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னாலும் அதே குரல், மனுஷன் செத்துப்போயிடுவான்னாலும் அதே குரல். கேக்கிறவங்களுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

நேத்து நின்னது பாதிப் படியில இல்ல. அதுக்கும் கீழே.

குட்டி


மார்ச் 20

குட்டிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன்.

கல் உடைந்துவிட்டது.

இந்த முறை முற்றத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். சிங்க் ஓட்டைக்கு நான்கு மூலையையும் சதுரமாக வெட்டினேன். வளைவு விடச் சொன்னவர் அவர் என்பதைத் தவிர, விடாததற்கு வேறு காரணம் இல்லை. நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். ஒரு மூலையிலிருந்து விரிசல் ஓடியது. பெரிய துண்டு அவள் பக்கம், சின்னத் துண்டு என் கையில். யாருக்கும் அடி இல்லை. அவள் துண்டைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?" என்று கேட்டாள். இப்போது கூடத்தில் ஒரு பழைய மேஜைமேல் அடுப்பை வைத்துச் சமைக்கிறாள்.

உடைந்ததை யாருக்கும் தெரியாமல் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வேறு கல் வாங்கி, கடைக்காரனையே வெட்டச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உன் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். நான் சொன்னால் அவர் டாக்டரிடம் போகமாட்டார். ஆனால் நான் முட்டாளாகி நிற்பதைப் பார்க்கக் கூப்பிட்டால், எந்த ஊரிலிருந்தும் வருவார். இங்கே என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நெஞ்சு நோய்க்கென்றே ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஆகவே அவரிடம் சொல்: மச்சான் மூலையைச் சதுரமாக வெட்டினார், கல் இரண்டாகப் போய்விட்டது, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார், மாப்பிள்ளை வந்து பார்த்தால் நல்லது. இதே வார்த்தைகளில் சொல். குறைக்காதே. வேண்டுமானால் கூட்டிச் சொல்.

சிரிக்க வரட்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்


மார்ச் 29

அண்ணா,

சொன்னேன். ரெண்டாத் தெறிச்சுதுன்னு சொல்லும்போதே எழுந்து நின்னுட்டார். "சதுரமாவா? நாலு மூலையுமா? நான் சொல்லிவிட்டும்கூடவா?"ன்னு மூணு தடவை கேட்டார். சின்ன வயசுல பார்த்த மாதிரி முகம். கையில இருந்த ரெண்டு வீட்டு வேலையைத் தள்ளி வெச்சிட்டு டிக்கெட் எடுத்துட்டார். ரயில்ல பக்கத்து சீட்டுக்காரர் முழுக் கதையும் கேட்டுட்டுத்தான் இறங்கப் போறார், பாவம்.

படம் எடுக்கிறதைப் பத்தி நான் வாயே திறக்கல.

அண்ணா, அவர் என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்லாதே. உனக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும். அதை முழுங்கிடு. இதுவரைக்கும் உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல.

குட்டி


ஏப்ரல் 11

குட்டிக்கு,

இந்தக் கடிதம் வருவதற்கு முன் அவர் வீடு வந்திருப்பார். உன்னிடம் தானே சொல்வதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். சொல்லாமல் இருந்தால், இதை அவர் எதிரில் வைத்துப் படி.

வந்தவர் பையைக்கூட இறக்காமல் நேராக முற்றத்துக்குப் போனார். உடைந்த மூலையைப் பார்த்தார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மச்சான், ஸ்கேல் வெச்சு வெட்டினீங்களா? தொண்ணூறு டிகிரி, சுத்தமா! ஃபுல் மார்க்! கல்லுதான் ஃபெயில்!" என்று சிரித்தார். அண்ணியும் சிரித்தாள். அவள் வாயைக்கூடப் பொத்தவில்லை. நீ சொன்னபடி விழுங்கினேன். சுலபமாக இல்லை.

அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது. நிற்கவில்லை. தரையில் கையை ஊன்றிக்கொண்டு இருமினார். அண்ணி தண்ணீர் கொண்டுவந்தாள், அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அவர் சிரிப்புக்குத்தான் நான் பதில்கள் சேர்த்து வைத்திருந்தேன், வருடக்கணக்காக. இருமலுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மறுநாள், "மூடின அறையில வெச்சு வெட்டிட்டேன் மாப்பிள்ளை. படம் எடுக்கணும். தனியாப் போகப் பயமா இருக்கு" என்றேன்.

"ஒரு நாள் வெட்டினதுக்கா? நீங்க வெங்காயம் வதக்கின புகைக்கே படம் எடுப்பீங்க போல!" என்றார். ஆனால் வந்தார். நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் சீட்டுப் போட்டேன்.

"எனக்கு எதுக்கு?"

"பயமா இருந்தா வேண்டாம்."

"பயமா? எனக்கா?" என்று அங்கேயே சட்டையைக் கழற்றிவிட்டார். இன்னும் உள்ளேகூடக் கூப்பிடவில்லை.

டாக்டர் அம்மாள் இரண்டு படத்தையும் விளக்கில் மாட்டிவிட்டு, "உங்கள்ல கல் வெட்டுறவர் யாரு?" என்று கேட்டார். மாப்பிள்ளை என்னைக் காட்டினார். "இவர்தான். ஒரே ஒரு கல்லு, அதையும் உடைச்சிட்டார்." டாக்டர் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாப்பிள்ளையும் சிரிக்கவில்லை.

என் படம் சுத்தம். அவருடையதில் மேல்பக்கம் இரண்டு நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக இருக்கிறது. இன்னும் சில சோதனைகள் செய்து, கல் தூசியால் வந்ததுதான் என்று உறுதி செய்தார்கள். கெட்டுப்போன பகுதி திரும்பி வராது. மருந்தால் அது கரையாது. இனி தூசிப் பக்கமே போகாமல் இருந்தால், மேலும் மோசமாகாமல் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இனியும் வெட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. நீ அந்தக் கொட்டகையைப் பெருக்குகிறவள், துணியைத் துவைக்கிறவள். நீயும் படம் எடுக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதே.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினோம். வீட்டு வாசலில் நின்று, "வெட்டத் தெரியாத உங்களுக்கு ஒண்ணும் இல்ல. வெட்டத் தெரிஞ்ச எனக்கு வந்திருக்கு. இது என்ன கணக்கு மச்சான்?" என்று கேட்டார். கதவைத் திறந்துவிட்டேன். ஒரு காலத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன்.

எங்கள் மேடைக்கு அவர் அளவு மட்டும் எடுத்தார். புதுக் கல்லை வெட்டியது வெளியே ஒரு பட்டறையில், முழுக்கத் தண்ணீருக்குள். சுவர் கோணல்தானாம்.

அண்ணன்


ஏப்ரல் 26

அண்ணா,

அவர் சொல்லிட்டார். வந்த அன்னிக்கே, செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே. மாடிக்குப் போகாம கீழேயே உக்காந்து சொன்னார். நான் அழுதேன். அவர் அழல. அப்புறம் நான் சாப்பாடு போட்டேன், சாப்பிட்டார். வேற என்ன செய்யறது?

நானும் படம் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க. வருஷா வருஷம் வரச் சொல்லியிருக்காங்க.

கொட்டகையை ஈரத் துணியால துடைச்சு எடுத்தாச்சு. பெருக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். என்னைக் கிட்டயே விடல, தூசி புகாத பெரிய முகமூடி மாட்டின ஆளுங்களை வெச்சு செஞ்சார். வெட்டற மெஷினை யாருக்கோ கொடுத்துட்டார். இப்ப அளவெடுக்கறதும் பொருத்தறதும் மட்டும்தான். வெட்டறதுக்குப் பட்டறைக்கு அனுப்பிடறார்.

ஆனா ஒரு சங்கடம். வேலை கொடுக்கிற வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. "முன்னாடி இங்கேயே வெட்டிக் கொடுப்பீங்களே, இப்ப என்ன?"ன்னு கேக்கிறாங்க. நுரையீரல் போச்சுன்னு சொன்னா இவருக்கு வேலையே தர மாட்டாங்கன்னு பயம். சொல்லவும் வெட்கம். அதனால என்ன சொல்றார் தெரியுமா? உன் கதையைச் சொல்றார்.

"வீட்ல வெச்சு வெட்டக் கூடாதுங்க. எங்க மச்சான், பெரிய படிப்பு, கெமிஸ்ட்ரி வாத்தியார், வீட்லயே வெச்சு வெட்டினார். நாலு மூலையும் தெறிச்சுது. கல்லைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு குழந்தை மாதிரி அழுதார். நான் போய்த்தான் தூக்கி நிறுத்தினேன்"ன்னு. கேட்டவங்க சிரிச்சுட்டு, சரி பட்டறையிலேயே வெட்டுங்கன்னுடறாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் மறுக்கல. ஒவ்வொரு வீட்டுக்கும் கதை கொஞ்சம் வளருது. பக்கத்துத் தெருவுல உன்னை நேர்ல பார்க்காதவங்களுக்கெல்லாம் உன்னைத் தெரியும்.

எனக்குத்தான் மனசு கேக்கல. அன்னிக்கு ஒரு வார்த்தைக்கு நீ இத்தனை வருஷம் அவர்கூட பேசாம இருந்தே. நிறுத்தச் சொல்லட்டுமா? நான் சொன்னா நிறுத்திடுவார். வேற காரணம் எதாவது கண்டுபிடிச்சுக்கலாம்.

குட்டி


மே 4

குட்டிக்கு,

நிறுத்தச் சொல்லாதே.

தெறித்தது ஒரு மூலைதான், நான்கு அல்ல. என்னை யாரும் தூக்கி நிறுத்தவில்லை. அழவும் இல்லை, அண்ணியைக் கேட்டால் சொல்வாள். ஆனால் அதைக் கேட்டுத்தான் அந்த வீட்டுக்காரர்கள் கல்லைப் பட்டறைக்கு அனுப்புகிறார்கள் என்றால், அழுதேன் என்றே இருக்கட்டும்.

அண்ணன்